நாற்பத்தொன்பதாவது அட்டை

காஹாங்,
14 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

கிறிஸ்டின் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் உங்கள் தம்பியும் ஜெசிந்தாவும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.

நான்கு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால் குடும்பக் குரூப்பில் உங்கள் பெயர் எப்படியோ விடுபட்டுப் போயிருக்கிறது. அதனால்தான் கடிதம். ஜூன் மாதம் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பிரேமலாவிடம் நீங்கள் கேட்டது விளையாட்டுக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது ஓர் உதவி வேண்டும். ஜெசிந்தா கல்யாணம் டிசம்பர் 27, சனிக்கிழமை, குளுவாங் கோயிலில். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டே நாள் என்பதால், கிறிஸ்துமஸ் வாழ்த்தும் கல்யாண அழைப்பும் ஒரே அட்டையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். உள்ளே அச்சடித்த அழைப்பு. வெளியே நீங்கள் நூலால் தைப்பீர்களே, அந்த நட்சத்திரம். உங்கள் கோயிலில் போன வருடம் விற்பனைக்கு வைத்த அட்டை ஒன்றைப் பிரேமலா யார் வீட்டிலோ பார்த்திருக்கிறார். "எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்த மாதிரி அட்டைதான் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். யார் தைத்தது என்று நான் சொல்லவில்லை.

மொத்தம் நாற்பத்தெட்டு குடும்பம். முடியுமா அண்ணி? வேலை அவசரம் இல்லை.

உங்கள் உடல்நலத்துக்காக வேண்டிக்கொள்ளும்,
கிறிஸ்டின்


மாசாய்,
20 ஜூலை 2025

கிறிஸ்டினுக்கு,

முழங்கால் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். உன் கடிதத்தில் நம்பக்கூடிய வரி அது ஒன்றுதான்.

நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் என் பெயர் மட்டும் "எப்படியோ" விடுபட்டது. நீக்கினால் யார் நீக்கியது என்று போனே காட்டும் கிறிஸ்டின். இருபத்தாறு வருடம் பாசிர் கூடாங் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பூதக்கண்ணாடி வைத்து சர்க்யூட் போர்டில் பிழை கண்டுபிடித்தவள் நான். உன் பெயர் எனக்குத் தெரியாமல் போகுமா? பரவாயில்லை. இனி எனக்குச் சொல்ல வேண்டியதைத் தபாலில் சொல். தபாலில் யாரும் யாரையும் நீக்க முடியாது.

இன்னொன்று. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளைக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "சோறு போதுமா தம்பி?" என்றேன். "அவனுக்குப் போதும்" என்றாள் அம்மா. "சிங்கப்பூர்ல எந்தப் பக்கம் வேலை?" என்றேன். அதற்கும் அம்மா. "மழைக்கு மோட்டார் சைக்கிள்ல பாலத்தைத் தாண்டுறது கஷ்டமா இல்லையா?" என்றேன். பாலத்தைத் தாண்டுவது பிரையன், கஷ்டத்தைச் சொன்னது பிரேமலா. அதற்குப் பிறகுதான் கேட்டேன், "இவன் வாயத் தொறந்து பேசுவானா, இல்ல கல்யாணத்தன்னிக்கு ஃபாதர்கிட்ட சம்மதமும் நீங்கதான் சொல்லுவீங்களா?" என்று. இதில் என்ன தப்பு? அங்கே இருந்த எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சோற்றைப் பார்த்துக்கொண்டு நினைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாழ்த்தும் அழைப்பும் ஒரே அட்டையில். உன் சிக்கனத்தைப் பார்த்தால் ஞானஸ்நானத்தையும் அதிலேயே சேர்த்து அச்சடித்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது.

தைத்துத் தருகிறேன். உனக்காக இல்லை, ஜெசிக்காக. ஒரு நட்சத்திரத்துக்கு அறுபத்து நான்கு துளை, ஒரு அட்டைக்கு ஒன்றரை மணி நேரம். அட்டை கனமாக இருக்க வேண்டும், மெல்லியதாக இருந்தால் துளை வரிசையிலேயே கிழியும். சாமான்களை அனுப்பு.

யூஜின் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று பார்.

ஐலீன்


காஹாங்,
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தம்பி மாத்திரை சாப்பிடுகிறார். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

நீங்கள் ஒத்துக்கொண்டதில் ஜெசிந்தாவுக்கு ஒரே சந்தோஷம். பார்சலில் ஐம்பது அட்டை, சிவப்பு நூலும் பச்சை நூலும் பன்னிரண்டு கட்டு, பின்பக்கம் மூடுவதற்கு ஒட்டுத்தாள், அதை ஒட்ட டபுள் டேப் எல்லாம் வைத்திருக்கிறேன். டேப் எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி என்று விற்கும் கடையில் கிடைத்தது, நன்றாகவே ஒட்டுகிறது.

நட்சத்திரத்துக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்தின் முதல் எழுத்தையும் ஆங்கிலத்தில் தைத்துக் கொடுத்தால் அழகாக இருக்கும் என்று பிரேமலா சொல்கிறார். அதற்குப் பெயர்ப் பட்டியலும் வைத்திருக்கிறேன். ஒரே எழுத்தில் பல குடும்பம் வருவதால், தைத்து முடித்ததும் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் பென்சிலில் பெயரை எழுதிவிடுங்கள். பெயரின் முனை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டுத்தாளை ஒட்டினால், கவரில் போடும்போது எங்களுக்குக் குழப்பம் வராது.

உங்கள் அன்பு நாத்தனார் மனசு எனக்குத் தெரியும் அண்ணி.

கிறிஸ்டின்


மாசாய்,
16 ஆகஸ்ட் 2025

கிறிஸ்டினுக்கு,

நலம். பார்சலும் நலமாக வந்து சேர்ந்தது, டேப்பைத் தவிர. அதை விரலில் ஒட்டிப் பார்த்தேன். விரலே வேண்டாம் என்கிறது. டிசம்பரில் நம் ஊரில் மழை நான்கு நாள் விடாமல் பெய்யும், சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் இந்த டேப் நிற்காது என்று இப்போதே எழுதி வைக்கிறேன். பிறகு என்னைச் சொல்லாதே.

நூல் பரவாயில்லை. ஆறு இழையைப் பிரித்து இரண்டு இரண்டாகத் தைக்கிறேன். முடிச்சுப் போடுவதில்லை. முடிச்சு இருந்தால் அட்டை புடைத்துக்கொள்ளும். நூல் நுனியைப் பின்பக்கம் செலோடேப்பால் ஒட்ட வேண்டும். உனக்கு இதெல்லாம் எதற்கு? உனக்கு முன்பக்கம் போதும்.

பட்டியலைப் பார்த்தேன், எல்லாம் நான் பிறந்து வளர்ந்த ஊரில் பழகிய ஆட்கள்தான். யூஜின் வேலை செய்யும் எண்ணெய் ஆலையின் மேனேஜர் லெட்சுமணன் இருக்கிறார். கோயில் பாட்டுக் குழு ராஜசேகரன் இருக்கிறார். தெரு முழுக்கச் செய்தி வாசிக்கும் கஸ்தூரி இருக்கிறாள். உன் வீட்டுக் கால்வாய் சுத்தம் செய்கிற காளியப்பன்கூட இருக்கிறார். பிரேமலாகூடத் தனக்கென்று ஒரு அட்டை கேட்டிருக்கிறாள். நல்லது, யாரையும் விடக்கூடாது. இரண்டு தடவை எண்ணினேன். சரியாக நாற்பத்தெட்டு.

வேறொன்றும் கேட்பதற்கில்லை.

வெயில் கடுமையாக இருக்கிறது. யூஜினைத் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்.

ஐலீன்


காஹாங்,
15 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். ஹால், சமையல், சேலை என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

பட்டியலில் சொந்த ரத்தத்தைப் போடவில்லை அண்ணி, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நெருங்கினவர்களுக்கு அட்டை கொடுத்து அனுப்புவது மரியாதை இல்லை. வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு நேரில் வந்துதான் அழைக்க வேண்டும். நானும் உங்கள் தம்பியும் கட்டாயம் மாசாய்க்கு வருவோம்.

பிரேமலா ஒரு சின்ன ஆசை சொன்னார். நட்சத்திரத்தின் நடுவில் மட்டும் தங்க ஜரிகை நூல் போட முடியுமா? ஒரு உருளை அனுப்பியிருக்கிறேன்.

வேண்டுதலோடு,
கிறிஸ்டின்


மாசாய்,
22 செப்டம்பர் 2025

கிறிஸ்டினுக்கு,

நலம்தான். கண் மட்டும் எரிகிறது, அதற்குக் காரணம் பிரேமலாவின் சின்ன ஆசை. ஜரிகை நூல் மூன்று துளை தாண்டுவதற்குள் பிசிறடிக்கிறது. ஊசிக் கண்ணில் கோத்தால் பிரிந்து நிற்கிறது. மினுக்குவதைத் தவிர அதற்கு எந்த வேலையும் தெரியவில்லை. யார் கேட்டார்களோ அவர்களுக்குப் பொருத்தமான நூல்தான்.

இருபது அட்டை முடிந்துவிட்டது. நேரில் வருவதாக எழுதியிருக்கிறாய். எந்த ஞாயிறு என்று முன்கூட்டியே சொல். நாட்டுக்கோழி சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். யூஜின் பிராய்லர் கோழியைத் தொடமாட்டான் என்பது எனக்கு நினைவிருக்கிறது, உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ.

பழத் தட்டெல்லாம் வேண்டாம். வந்தால் போதும்.

ஐலீன்


மாசாய்,
27 அக்டோபர் 2025

கிறிஸ்டினுக்கு,

என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எல்லோரும் நலமாக இருப்பதால்தான் எழுத நேரமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு வருவீர்கள் என்று இரண்டு தடவை கோழி வாங்கினேன். முதல் கோழியை நானே நான்கு நாள் வைத்துத் தின்றேன். இரண்டாவது ஐஸ்பெட்டியில் இருக்கிறது. நேற்றைக்கு வாசலில் லோரி நின்றது. யூஜின் வந்துவிட்டான் என்று முகம் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஆலை டிரைவர். "அக்கா, பெட்டிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றான். சொந்த ரத்தத்தை அழைக்க லோரி டிரைவரை அனுப்பும் வழக்கம் எப்போது வந்தது? எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். பாவம், அவனாவது நன்றி சொன்னான்.

நாற்பத்தெட்டு அட்டையும் முடித்து, பெயர் எழுதி, ஒட்டுத்தாள் ஒட்டி, பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். உன் டேப்பையேதான் போட்டேன். நீ அனுப்பிய ஐம்பதில் ஒன்று கிழிந்துவிட்டது. இன்னொன்றில் நட்சத்திரத்தைத் தைத்து, எழுத்துக்குத் துளை மட்டும் போட்டு, நூல் கோக்காமல் விட்டுவிட்டேன். அதுவும் பெட்டியின் அடியில் இருக்கிறது. யாருக்கும் உதவாது, குப்பையில் போடு.

ஐலீன்


காஹாங்,
10 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

அட்டைகள் அவ்வளவு அழகு! பிரேமலா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கடையில வாங்கினாக்கூட இப்படிக் கிடைக்காது" என்றார். எல்லா வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. நீங்கள் அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

நேரம் கிடைக்கும்போது விவரமாக எழுதுகிறேன்.

கிறிஸ்டின்


மாசாய்,
17 நவம்பர் 2025

கிறிஸ்டினுக்கு,

நலம்.

நாற்பத்தெட்டு முகத்தையும் நான் ஏற்கனவே நன்றாகப் பார்த்திருக்கிறேன். பார்த்துத்தான் தைத்தேன்.

கோழி இன்னும் ஐஸ்பெட்டியில்தான் இருக்கிறது.

ஐலீன்


காஹாங்,
6 டிசம்பர் 2025

அண்ணி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. எங்கள் மானம் போய்விட்டது.

திங்கட்கிழமை தொடங்கிய மழை நான்கு நாள் நிற்கவில்லை. ராஜசேகரன் வீட்டில் அட்டையை ஜன்னல் ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் டேப் விட்டு, பின்பக்க ஒட்டுத்தாள் தானாகக் கழன்று விழுந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து கஸ்தூரி அங்கே போயிருக்கிறாள். பென்சிலில் அவர் பெயர். பெயருக்குக் கீழே உங்கள் கையெழுத்தில், "பாட்டை எல்லோரும் முடித்த பிறகு தனியாக வந்து சேருபவர்."

கஸ்தூரி அதைப் படம் பிடித்துப் பாட்டுக் குழு குரூப்பில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். அன்று சாயந்திரத்துக்குள் காஹாங்கிலும் குளுவாங்கிலும் ஒரு வீடு பாக்கியில்லை, எல்லோரும் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். கஸ்தூரி தன்னுடையதையும் பிரித்தாள். "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்பவள்." லெட்சுமணன் சாருக்கு, "கை குலுக்கும்போது கடிகாரம் பார்ப்பவர்." உங்கள் தம்பி இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பார்? காளியப்பனுக்கு, "கல்யாணத்தில் முதல் பந்தி, சாவு வீட்டில் கடைசி நாள்." அங்கம்மா அக்கா மட்டும் எனக்கு போன் செய்து சிரிசிரி என்று சிரிக்கிறார். அவர் அட்டையில், "இரவல் வாங்கிய சட்டியைக் கழுவித் திருப்பித் தரும் ஒரே மனுஷி" என்று இருந்ததாம்.

பிரேமலாவின் அட்டையில் எழுதியதை என் கையால் எழுத முடியாது. "இது அந்தப் பொம்பள வேலதான்" என்று இங்கே வந்து கத்திவிட்டுப் போனார்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? ஜூன் மாதமே அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார் அண்ணி. நீங்கள் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று. நான் சரி என்றேன். உங்கள் தம்பி வழக்கம்போல எழுந்து வெளியே போய்விட்டார். அதை உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் வருகிறோம் வருகிறோம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது என் தப்புத்தான். அதற்காக நாற்பத்தெட்டு குடும்பத்தை இப்படி அவமானப்படுத்துவதா? ஒவ்வொரு வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டு நீங்களே எழுத வேண்டும்.

கிறிஸ்டின்


காஹாங்,
12 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஜெசி எழுதுறேன். நல்லா இருக்கீங்களா? தமிழ்ல கையால எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு, தப்பு இருந்தா திட்டாதீங்க. திட்டுவீங்கன்னு தெரியும்.

அம்மா உங்களுக்கு எழுதினது எனக்கு நேத்துதான் தெரியும். உங்கள கூப்பிடக் கூடாதுன்னு இவங்க பேசி வெச்சதும் நேத்துதான் தெரியும். அத்தை ஏன் போன் எடுக்கலன்னு கேட்டப்பல்லாம், "நேர்ல போய்க் கூப்பிடப் போறோம்"னு அம்மா சொன்னாங்க. நான் நம்பினேன். பைத்தியம் மாதிரி.

அன்னிக்கு பிரையன் அம்மா இங்க வந்து கத்தினப்போ பிரையனும் கூட வந்திருந்தார். அட்டைய அவர் கையில கொடுத்து, "படி, சத்தமா படி, உன் வருங்காலச் சொந்தம் எழுதினத"ன்னாங்க. அவர் படிச்சார். "மகனைப் பத்து மாதம் சுமந்ததோடு நிறுத்தியிருக்கலாம்." அப்புறம் சிரிச்சார் அத்தை! அய்யோ அலமாக், அவங்க அம்மா முன்னாடி அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. "சரியாத்தானேம்மா எழுதியிருக்காங்க"ன்னார். பிரேமலா ஆண்ட்டி அழுதாங்க. அதுக்கப்புறம் கார்ல ஏறிப் போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே அம்மாவுக்கு போன் பண்ணி, நீங்க வந்தா வரட்டும்னு சொன்னாங்களாம்.

பெட்டி அடியில ஒரு அட்டை இருந்தது. அம்மா தூக்கிப் போடப் போனாங்க, நான் எடுத்து வெச்சிருந்தேன். எழுத்தே இல்லன்னு நெனச்சேன். எல்லாரும் பிரிக்கிறாங்களேன்னு நானும் நேத்து அத எடுத்து லைட்டுக்கு நேரா பிடிச்சேன். துளை மட்டும் இருந்தது, A-ன்னு. ஐலீன்ங்கிற உங்க பேரோட முதல் எழுத்து. ஒட்டுத்தாளப் பிரிச்சேன்.

நீங்க எல்லாரையும் பத்தி எழுதினதுல எனக்குச் சிரிப்பு வந்தது. இதுக்கு மட்டும் வரல.

நான் அந்தத் துளையில நூல் கோத்துத் தைச்சிருக்கேன். ஊசி ரெண்டு தடவ விரல்ல குத்திடுச்சு. பின்னாடி திரும்பவும் ஒட்டியிருக்கேன். நீங்க எழுதினதுக்குக் கீழ நானும் எழுதியிருக்கேன், பிரிச்சுப் பாருங்க. இத பிரையன்கிட்ட கொடுத்து அனுப்புறேன். அவரே நேர்ல வர்றேன்னு சொன்னார். நான் சொல்லிக் கொடுக்கல.

உங்க முழங்கால பாத்துக்குங்க.

ஜெசிந்தா


மாசாய்,
18 டிசம்பர் 2025

கிறிஸ்டினுக்கு,

நான் நலம். உன் மானமும் இந்நேரம் கொஞ்சம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதமாட்டேன். பின்பக்கம் பெயரை எழுதச் சொன்னது நீ. வெறும் பெயரை வைத்து அந்த மனிதர் யார் என்று எப்படித் தெரியும்? அதனால் கூட ஒரு வரி எழுதினேன். மூடித்தான் அனுப்பினேன். திறந்தது உன் இரண்டு வெள்ளி டேப். ஆகஸ்டிலேயே எழுதினேன், கடிதத்தை எடுத்துப் பார். ஆனால் ஒன்று. யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதினேன். அந்த வகையில் உனக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது, மற்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மழைக்கோட்டோடு ஒருவன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான், கூப்பிடவும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. நானே கதவைத் திறந்து, "யாரது? என்ன வேணும்?" என்றேன். உன் மாப்பிள்ளை. மழைக்கோட்டுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினான். வாய் இரண்டு தடவை அசைந்தது. நான் உதவி செய்யவில்லை, காத்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "ஆண்ட்டி, கல்யாணத்துக்கு வாங்க" என்றான்.

மூன்று சொல். எண்ணினேன். பக்கத்தில் அம்மா இல்லை.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். உங்களுக்காக வாங்கி வைத்திருந்த கோழியைச் சமைத்தேன். இரண்டு மாதம் ஐஸ்பெட்டியில் கிடந்த கோழி, ருசி என்று பொய் சொல்லமாட்டேன். அவன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கேட்டு வாங்கினான் கிறிஸ்டின், அதைக் கவனி. இவன் தேறிவிடுவான்.

அவன் போன பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். உன் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு இழையையும் பிரிக்காமல் அப்படியே கோத்திருக்கிறாள். இழுத்த இழுப்பில் ஒரு துளை கிழிந்திருக்கிறது. மூன்றே கோடுள்ள எழுத்து, அது காற்றில் சாய்ந்த கூடாரம் மாதிரி நிற்கிறது. பின்பக்கம் ஐந்து இடத்தில் முடிச்சு. ஒரு இடத்தில் ரத்தக் கறை. என்னிடம் வேலை கற்றிருந்தால் அத்தனையையும் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லியிருப்பேன்.

ஒட்டுத்தாளைப் பிரித்தேன். என்னைப் பற்றி நான் எழுதியது அங்கேதான் இருந்தது. அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், நானே சொல்கிறேன். "வாய் நீளம். உட்கார இடம் கேட்க மட்டும் வாய் வராது." அதற்குக் கீழே கோணல் கையெழுத்தில் உன் பெண் எழுதியிருந்தாள். "கேக்க வேணாம் அத்தை. இடம் போட்டாச்சு."

அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். ஆறு மாதமாக உன் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் கிறிஸ்டின். பட்டியலை இரண்டு தடவை எண்ணினேன் என்று எழுதினேனே, அது எண்ணுவதற்காக இல்லை. என் பெயரைத் தேடினேன். அன்றைக்கே உன்னிடம், "நான் வரலாமா?" என்று கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பேசாத பையனைப் பார்த்துச் சிரித்தவளுக்கு அந்த ஒரு கேள்வி கேட்க முடியவில்லை.

நல்ல டேப்பாக நான்கு உருளை வாங்கி வைத்திருக்கிறேன். கோயிலுக்கு வரும்போது எல்லோரையும் அட்டையைக் கொண்டு வரச் சொல். வாசலில் உட்கார்ந்து நாற்பத்தெட்டையும் ஒட்டித் தருகிறேன். பிரேமலாவுடையதை முதலில் ஒட்டுகிறேன். எழுதியதை அழிக்கச் சொன்னால் மட்டும் முடியாது. என்னுடையதை ஒட்டமாட்டேன், அது அப்படியே இருக்கட்டும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினால் பூசைக்கு நேரமாகிவிடும். அதனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமையே காஹாங் வரலாம் என்று பார்க்கிறேன். அன்று ராத்திரி உன் வீட்டில் எனக்குப் படுக்க இடம் இருக்குமா?

கேட்டுவிட்டேன். பதில் போடு.

ஐலீன்